ஆவணி நோட்டீஸ்

ஜூலை 4

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே காளீஸ்வரி கேட்டுவிட்டாள். "அக்கா, ஆவணிக்கு இன்னும் ஒரு பொண்ணுகூட வந்து சொல்லலயே?" எனக்குத் தெரியாது என்று நினைத்துக் கேட்கிறாளோ என்னவோ. போன வருடம் இந்நேரம் காலண்டரில் ஆவணி முழுக்க சிவப்பு வட்டம். இந்த வருடம் ஒன்றுகூட இல்லை.

திரெடிங்குக்கு வருகிறார்கள். ஃபேஷியலுக்கு வருகிறார்கள். மணப்பெண் அலங்காரத்துக்குத்தான் யாரும் வரவில்லை. அதில்தான் இந்தக் கடை நிற்கிறது. மற்றதெல்லாம் வாடகைக்கும் கரண்டுக்கும் சரியாகப் போய்விடும். ஆவணியும் ஐப்பசியும் இப்படியே கழிந்தால் கண்ணாடியையும் நாற்காலியையும் விற்றுவிட்டு யார் கடையிலாவது முடி வெட்டப் போக வேண்டியதுதான்.

காரணம் எனக்குத் தெரியும். ஜனவரியில் அவர் போன பிறகு மூன்று மாதம் கடையைப் பூட்டிப் போட்டேன். பூட்டின கடையை ஊர் மறந்துவிடும். அதற்குள் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஏசி போட்டு ஒரு பார்லர் வந்துவிட்டது. ஆக, வேண்டியது விளம்பரம். நல்லதாக ஒரு நோட்டீஸ் அடித்து, பேப்பருக்குள் வைத்து வீடு வீடாகப் போட வேண்டும். வேறு கோளாறு ஒன்றும் இல்லை.

ஜூலை 6

மேரி அக்காவின் டிடிபி கடைக்குப் போனேன். கோவில்பட்டியில் பாதிக் கல்யாணப் பத்திரிகையும் முக்கால்வாசிக் கண்ணீர் அஞ்சலியும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் பிறக்கின்றன. ஜனவரியில் எங்கள் வீட்டுக்கும் ஒன்று அடித்துக் கொடுத்தார்.

மூன்று வருடத்துக்கு முன் நான் எழுதிக் கொடுத்த நோட்டீஸைத் திறந்து காட்டினார். பார்க்கவே கூசியது. சுற்றிலும் ரோஜாப்பூ பார்டர். எழுத்தே ஐந்து விதம். புருவம் திருத்துவதில் தொடங்கி மெஹந்தி, ஹேர் ஸ்பா, வளைகாப்பு ஜடை வரைக்கும் எல்லாமே இருந்தது. இட்லி மாவு கிடைக்கும் என்பதை மட்டும்தான் விட்டிருந்தேன்.

"ஒரு நோட்டீஸுக்கு ஒரு சேதிதான் செண்பா. சோறு, கொழம்பு, பாயாசம் அத்தனையும் ஒரே கிண்ணத்துல ஊத்துனா யாரு திம்பா?" என்றார் அக்கா. மடமடவென்று அழித்துக்கொண்டே வந்தார். மணப்பெண் அலங்காரம் மட்டும் மிஞ்சியது. கீழே வந்ததும் மவுஸ் நின்றது.

"இந்த ரெண்டாவது நம்பரு?"

அவர் நம்பர். என் கையில் எப்போதும் க்ரீம் இருக்கும் என்பதால் முகூர்த்த அழைப்புகளை அவர்தான் எடுப்பார். பெண்ணின் பெயர், மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாம் கேட்டு வட்டம் போடுவதும் அவர்தான்.

"இருக்கட்டும்க்கா. எடுத்தா அந்த இடம் மொட்டையா தெரியும்."

அக்கா என்னைப் பார்க்காமல் சரி என்றார். அந்த போனை நான் இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். பேட்டரி கெட்டுப்போகுமே, அதற்காக.

ஜூலை 9

நோட்டீஸ் கையில் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று ஃபேஷியலுக்குப் படுத்த ஒவ்வொருவரிடமும் கேட்டேன். முகத்தில் பேக் காய்கிறபோது யாரும் பொய் சொல்ல முடியாது, வாயை ரொம்ப அசைக்கக் கூடாதல்லவா. வடையில் எண்ணெய் எடுப்போம் என்றார் ஒருவர். அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் விரிப்போம் என்றார் இன்னொருவர். படிப்போம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

அதனால் இரண்டு முடிவு. ஒன்று, வழவழப்பான தாள். எண்ணெய் உறிஞ்சாது, வடையிடமிருந்து தப்பிக்கும். இரண்டாவது என் மூளையில் உதித்தது. பின்பக்கம் முழுக்க ஆவணி, ஐப்பசி முகூர்த்த நாட்களைப் போட வேண்டும். நல்ல நாள் போட்ட தாளைக் குப்பையில் போட யாருக்கும் மனசு வராது. பிரிட்ஜ் மேலோ காலண்டர் ஆணியிலோ தொங்கும். தேதி பார்க்க வருகிறவள் திருப்பிப் பார்த்தால் நான்.

"ஒங்க மூளைய அடகு வச்சாலே கடைய நடத்திரலாம்க்கா" என்றாள் காளீஸ்வரி. நாளாயிற்று அவள் என்னைக் கிண்டல் செய்து.

ஜூலை 12

காளீஸ்வரியின் போக்கு சரியில்லை. போன் வந்தால் மாடிப்படிப் பக்கம் போய்விடுகிறாள். முன்பெல்லாம் வாயில் நூலைக் கடித்துக்கொண்டே பேசுவாள். இன்று மத்தியானம் சாப்பிடும்போது, "நோட்டீஸ்ல என் நம்பரையும் போடுவமாக்கா? போட்டோவும் வேணா என்னுத போட்டுக்கிடலாம்" என்றாள்.

பதினோரு வருடமாக என்னிடம் இருக்கிறாள். புடவை மடிப்பு எடுக்க, ஜடை வைக்க, எல்லாம் என் கையைப் பார்த்துக் கற்றவள். தனிக்கடை போடப் போகிறாள் போலிருக்கிறது. போடட்டும். என் நோட்டீஸில் ஏறி உட்கார்ந்துதான் போட வேண்டுமா?

"போட்டோ என்னோடதுதான் வரும்" என்றேன். அவள் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

ஜூலை 14

மேரி அக்கா திரையில் இரண்டு போட்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று போன வாரம் காளீஸ்வரி செல்லில் எடுத்தது. நெற்றியில் குன்றிமணி அளவுக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு, கழுத்தில் மெல்லிசாக ஒரு செயின். இன்னொன்று பழைய நோட்டீஸில் இருந்தது. வகிட்டில் குங்குமம், தலை நிறைய மல்லிகை, புடவைக்கு மேலே எடுத்துவிட்ட தாலிச்சரடு.

"எங்க ஆளுக பொட்டே வைக்கதில்ல, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பழையதையே போடச் சொன்னேன். புதியதில் வெளிச்சம் சரியில்லை. அவ்வளவுதான் காரணம்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. நல்ல நாள் என்று இன்றைக்குத்தான் பேப்பரில் வைக்கச் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டுப் பேப்பரை விரித்ததும் தரையில் வழுக்கி விழுந்தது. குனிந்து பார்த்தால் நான். நன்றாகத்தான் சிரித்திருக்கிறேன். போட்டோ எடுத்த அன்றைக்கு எதிரே நின்று சிரிக்கவைத்தது யார் என்று ஞாபகம் வந்தது. எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேங்காய்ச் சாதம் கிளறினேன். ஒரு ஆளுக்குக் கிளறுவதற்கு எவ்வளவு அரிசி என்பது இன்னும் கைக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 4

போன் வந்துகொண்டே இருந்தது. நோட்டீஸ் வேலை செய்கிறது! மத்தியானம் அவர் போனும் அடித்தது. ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை. அதே பழைய ரிங்டோன். காளீஸ்வரிதான் ஓடிப்போய் எடுத்தாள். என் கையில் க்ரீம் இருந்தது.

ஆகஸ்ட் 6

ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் நோட்டீஸ். பின்பக்கம் ஒரு தேதியில் பேனாவால் டிக் அடித்திருந்தார். என் யோசனை பலித்ததில் உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். உட்காருங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி என் நெற்றியைப் பார்த்தார், பிறகு கழுத்தை. "வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு வாரோம்" என்று எழுந்துவிட்டார். அந்தப் பெண் காற்றாடிக்குக் கீழே அப்போதுதான் கூந்தலை அவிழ்த்திருந்தாள். அதை முடியக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு போனார்.

படியில் இறங்கும்போது சொன்னது எனக்குக் கேட்டது. "போட்டோவப் போட்டு ஏமாத்துதா பாத்தியா."

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன். வெளிச்சம் காரணமில்லை. பூட்டின கடையும் காரணமில்லை, ஏசி பார்லரும் காரணமில்லை. மேக்கப் முடிந்ததும் பெண்ணின் நெற்றியில் முதல் பொட்டு வைக்கிற கை என்னுடையது. அந்தக் கை இப்போது யாருக்கும் வேண்டாம். இது ஏப்ரலில் கடை திறந்த முதல் நாளே எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 8

பால் வாங்கப் போனவள் பர்ஸை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். காளீஸ்வரி மாடிப்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவங்க பொண்ண தொடவே மாட்டாங்கம்மா. நீங்க பயப்படவே வேண்டாம். பெட்டிய எடுத்துக்கிட்டு கூட வருவாங்க, வெளிய இருந்துக்கிடுவாங்க. பொட்டு, பூ எல்லாம் நான்தான் வைப்பேன். எனக்கு வீட்டுக்காரரு இருக்காரு, ரெண்டு பிள்ளைக இருக்கு."

படியிலேயே கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. என் தொழிலைத் திருடுகிறாய் என்று சொன்னேன். உன் தாலியைக் காட்டி வியாபாரம் செய்கிறாயா என்றும் சொன்னேன். அவள் படியிலிருந்து எழுந்தாள். உள்ளே போய், ஏப்ரனைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 9

காளீஸ்வரி வரவில்லை. திரெடிங் செய்யும்போது நூல் அறுந்துகொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 11

அவள் வீட்டுக்கு நானே போனேன். வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கொடியில் இருந்த பாவாடையை மறுபடி பிழிந்தாள். அதில் பிழிய ஒன்றும் இல்லை.

"சித்திரையில இருந்து எத்தன பேரு கேட்டாங்க தெரியுமாக்கா? அந்தம்மா வருவாங்களா, நீ வருவியான்னு. அந்தம்மா வருவாங்கன்னு சொன்னேன், வச்சிட்டாங்க. எல்லாரும் வச்சிட்டாங்க. ஒங்ககிட்ட எப்படிச் சொல்ல? ஒங்க வாடிக்கைய ஒங்க பேருலயே இழுத்துப் பிடிக்கணும்னுதான் அப்படிப் பேசுனேன். தனியா போகணும்னா அன்னிக்கே போயிருப்பேன்."

நான் தனிக்கடை என்று கணக்குப் போட்டது இதைத்தான். வெட்கமாக இருந்தது. மன்னிச்சிருடி என்றேன். காப்பி போட்டாள். குடித்து முடித்ததும் கேட்டேன். "நான் வெளிய ஒக்காந்திருக்கேன், நீ உள்ள போய் பண்ணுத. அப்படியே வச்சுக்கிடுவோம். கடை ஓடும். சரிதான?"

"சரிதான்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரியில்லக்கா" என்றாள்.

ஆகஸ்ட் 12

மேரி அக்காவிடம் போய் நோட்டீஸை மாற்றச் சொன்னேன். புதிய போட்டோ. சின்னப் பொட்டு, வெறும் வகிடு, உள்ளது உள்ளபடி. தலைப்பு: மணப்பெண் அலங்காரம். அதற்குக் கீழே ஒரே வரி: செய்பவர் செண்பகவல்லி, பத்தொன்பது வருடத் தொழில்.

"ஆழம் தெரிஞ்சேதான் கால விடுதியா?" என்று கேட்டார் அக்கா.

"ஏமாத்துதான்னு ஒரு அம்மா சொல்லிட்டுப் போனாங்க. அந்தப் பேரு எனக்கு வேண்டாம். என் மூஞ்சியப் பாத்துட்டு வாரவங்க வரட்டும்."

இரண்டாவது நம்பரையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். அந்த இடம் மொட்டையாகத் தெரிந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 18

ஆவணி பிறந்துவிட்டது. காலையில் நோட்டீஸ் போயிற்று. போன் வரவில்லை.

ஆகஸ்ட் 19

போன் வந்தது. ஒரு ஆம்பளை. "காலங்காத்தால பேப்பர விரிச்சா ஒன் மூஞ்சியிலயா முழிக்கணும்? நல்ல நாளு போட்ட தாள்ல போடுத மூஞ்சியா அது?" வைத்துவிட்டான்.

பின்னறைக்குப் போய் வாக்ஸ் சூடுபண்ணுகிற அடுப்புக்கு முன்னால் நின்று அழுதேன். அவர் செத்ததற்கு இப்படி அழவில்லை. அன்றைக்கு ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு யாரும் இல்லை. ஏன் இப்படி விட்டுட்டுப் போனீங்க என்று வாய்விட்டுக் கேட்டேன்.

ஆகஸ்ட் 22

சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். பெயர் தங்கமாரி. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறாளாம். கையில் புது நோட்டீஸ்.

"இதுல இருக்கது நீங்கதான?"

"நான்தான்."

"அப்ப எனக்கு நீங்கதான் பண்ணணும். வர்ற இருபத்தஞ்சாந் தேதி முகூர்த்தம்."

ஆவணி இருபத்தைந்து, செப்டம்பர் பதினொன்று. சந்தோஷப்படுவதற்குள் வாசலைப் பார்த்தேன். படியில் ஒரு அம்மா நின்றார். சின்ன உருவம், நெற்றியில் திருநீறு மட்டும். உள்ளே வராமலே, "பாப்பா, வாம்மா போவோம்" என்றார். அவளுடைய அம்மா, ஆவுடைத்தாய். தங்கமாரிக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். கடலைமிட்டாய் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய் அம்மாதான் படிக்கவைத்திருக்கிறார்.

நான் படிக்குப் போனேன். அவர் என்னிடம் மெதுவாகத்தான் பேசினார்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க தாயி. நான் பெத்தவ. நானே அவளுக்கு ஒரு முழம் பூ வச்சுவிடுததில்ல. நிச்சயத்தன்னிக்கி அடுப்படிய விட்டு வெளிய வரல. அவ நல்லா இருக்கணும்னு நானே ஒதுங்கி நிக்கும்போது, ஒங்க கை எப்படி?"

போனில் திட்டின ஆம்பளைக்குச் சொல்ல என்னிடம் ஆயிரம் பதில் இருந்தது. இந்த அம்மாவிடம் உள்ளே வந்து உட்காருங்க என்று மட்டும்தான் சொன்னேன்.

தங்கமாரி அதற்குள் காலண்டரில் அவளே ஒரு வட்டம் போட்டிருந்தாள். "அம்மா அப்படித்தான் சொல்லும். நீங்க வந்துருங்க" என்றாள்.

செப்டம்பர் 5

காளீஸ்வரியைக் கேட்ட இரண்டு வீட்டுக்கு அவள் தனியாகப் போய் வந்தாள். நானே போகச் சொன்னேன். பெட்டி தூக்கிக்கொண்டு வெளியே உட்கார மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 11

விடியும் முன்பே மண்டபத்துக்குப் போய்விட்டோம். மாடியில் மணப்பெண் அறையில் ஏகப்பட்ட கூட்டம். தங்கமாரியின் பெரியம்மா கட்டில் ஓரமாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெண்ணின் முகத்தைப் பார்த்து வேலையைத் தொடங்கினேன். ஜனவரிக்குப் பிறகு ஒரு மணப்பெண்ணின் முகம் என் கைக்கு இன்றைக்குத்தான் வந்தது. கன்னத்தில் விரல் வைத்ததும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. புருவம், கண், ஜடை, நெற்றிச்சுட்டி. காளீஸ்வரி மடிப்பு எடுத்தாள். நன்றாக வந்திருந்தது. என் வேலையை நானே மெச்சிக்கொள்ளக் கூடாது, ஆனால் நன்றாக வந்திருந்தது.

பொட்டு பாக்கி.

"பொட்ட மட்டும் சுமங்கலி யாராச்சும் வச்சிரட்டும்" என்றார் பெரியம்மா.

"அவங்கதான் வைக்கணும்" என்றாள் தங்கமாரி.

குங்குமத்தைத் தொட்டு விரலைக் கொண்டுபோனேன். நெற்றிக்கு முன்னால் போய் நின்றுவிட்டது. நகரவில்லை. இந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இந்த நினைப்பைப் பெரியம்மா கொண்டுவரவில்லை. என்னிடமிருந்தே வந்தது. நான் பொட்டு வைத்த பெண்கள் பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்கிறார்கள், என் கை ராசியான கை என்று இத்தனை வருடம் நம்பினவள் நான்தானே. ராசி உண்டு என்றால் அது போகவும் போகும்தானே.

நிமிர்ந்தபோது கதவோரத்தில் ஆவுடைத்தாய் நிற்பதைப் பார்த்தேன். காப்பித் தட்டோடு வந்தவர் நிலையைத் தாண்டாமல் நின்றிருந்தார். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பயம் அவருக்குத் தெரிந்துவிட்டது. மறைக்க முடியவில்லை.

"நீங்க வாங்க. நீங்க வைங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

"நானா?" என்றார்.

"ஆவுட..." என்று பெரியம்மா எழுந்தார். தங்கமாரி கண்ணை மூடிக்கொண்டு முகத்தை அம்மா இருக்கும் பக்கம் நிமிர்த்தினாள். அவ்வளவுதான் செய்தாள்.

ஆவுடைத்தாய் தட்டைக் கீழே வைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். என் பக்கத்தில் நின்று, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஒண்ணும் ஆகாதுல்ல தாயி?" என்றார்.

எனக்கு என்ன தெரியும். "ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அவர் குங்குமத்தைத் தொட்டு வைத்தார். பொட்டு நடுவில் விழாமல் இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது. நான் பழக்கத்தில் பஞ்சை எடுத்துவிட்டேன். பிறகு கீழே வைத்துவிட்டேன். கீழே மேளச் சத்தம் தொடங்கிவிட்டது. "பொண்ண கூட்டிட்டு வாங்க" என்று யாரோ வந்து கத்தினார்கள். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் போனார். தங்கமாரி அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு போனாள். கீழே போனதும் கையை விடவைத்தார்களா என்று நான் பார்க்கவில்லை. பிரஷ்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 27

புரட்டாசி. ஊரில் கல்யாணம் இல்லை. ஐப்பசிக்கு இரண்டு பேர் என்னையே கேட்டிருக்கிறார்கள், மற்றவர்கள் காளீஸ்வரியை. கடை காலி செய்கிற பேச்சை இப்போதைக்கு விட்டிருக்கிறேன். நன்றாக நடக்கிறது என்று எழுத முடியாது.

ஐப்பசி நோட்டீஸுக்கு மேரி அக்காவிடம் போனேன். தங்கமாரி அவள் போட்டோவை அனுப்பி, போட்டுக்கிடுங்க என்று சொல்லியிருந்தாள். அக்கா அதைத் திரை நிறைய பெரிதாக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு. பொட்டு மட்டும் கோணலா கெடக்கே. நேராக்கிருதேன், ஒரு நிமிசம்."

"வேண்டாம்க்கா."

"அலங்காரக் கட நோட்டீஸ்ல கோண பொட்டா? பாக்கவ சிரிக்க மாட்டாளா?"

"அவங்க அம்மா வச்சதுக்கா."

அக்காவுக்கு ஜனவரியில் எங்கள் வீட்டுக்குக் கண்ணீர் அஞ்சலி அடித்தது போல, முன்பொரு காலத்தில் தங்கமாரியின் அப்பாவுக்கும் அடித்த ஞாபகம் இருந்ததோ என்னவோ. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அப்படியே அடிங்க" என்றேன்.